இஸ்கெண்டெருனுக்குப் போகாத பெட்டிகள்

அன்று அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். மேலாளர் பிராண்ட், கையில் கோப்பிக் கோப்பையுடன். அலுவலகத்தில் கப்பல் பத்திரங்களைப் பார்க்கும் கெஸ்லர் அம்மா. எங்கள் பெட்டி மண்டபத்தின் மைஸ்டர், அதாவது மேற்பார்வையாளர், ஹலீல். என்னோடு சேர்ந்து மரப்பெட்டி அடிக்கும் அலெக்ஸ். ஐந்தாவது ஆள் நான். கதிரை நான்குதான் இருந்தது. என்னை நிற்கும்படி யாரும் சொல்லவில்லை, இருக்கும்படியும் சொல்லவில்லை. நின்றேன்.

யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் உண்டு. பிறகு நான் கேட்டபோது, அப்படி ஒரு கூட்டம் நடந்ததாகவே சிலருக்கு நினைவில்லாமல் போய்விட்டது.

இதை எழுதவைத்தது என் மகள். அவள் இங்கே ஜெர்மனியில், டூயிஸ்புர்க்கில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு நாளில் கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இஞ்சை பாருங்கோ. இப்ப ஒருத்தரும் பெட்டியிலை ஊர்ப் பேர் எழுதிறேல்லை. அஞ்சு எழுத்து. மெஷின் அடிச்சு ஒட்டிவிடும்."

திரையில் இரண்டு குறிகள் இருந்தன. TRISK. EGALY. முதலாவது துருக்கியில் இருக்கும் இஸ்கெண்டெருன் துறைமுகம். மற்றது எகிப்தின் அலெக்சாண்ட்ரியா.

"ஒண்டிலை ரிஸ்க் இருக்கு, மற்றதிலை எகால் இருக்கு" என்று சிரித்தாள். எகால் என்றால் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், 'எதுவானாலும் ஒன்றுதான்' என்று பொருள். நான் சிரிக்கவில்லை.

"ஏனப்பா முகம் இப்பிடிப் போகுது?"

"எழுதித் தாறன், ஆறுதலா வாசி" என்றேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும், மெதுவாகத்தான் வரும். ஆகவே என்னால் முடிந்தவரை நேராக எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வளைத்து எழுத எனக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்தது, அகதி முகாம், உணவகத்தில் கோப்பை கழுவியது எல்லாம் இங்கே வேண்டாம். அந்தக் கதை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு ரூர் பகுதியில், கால்வாய்க் கரையில் இருந்த ஒரு பெட்டி மண்டபத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குக் கப்பலில் போகும் இயந்திரங்களை மரப்பெட்டிக்குள் கட்டி அனுப்புவது அங்கே வேலை.

நான் கவலைப்படுகிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்கி, திரும்ப ஏறி, பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வீதிக்குப் போனபின் அடுப்பு நினைவுக்கு வரும். என் மனைவி மலர் இதைக் கேலி செய்யாத நாளில்லை. ஹலீல் மட்டும்தான் இந்தக் குணத்துக்கு மதிப்புக் கொடுத்தார். "பெட்டி அடிக்கிறவன் பயப்பிட வேணும்" என்பார். "பயமில்லாதவன் அடிச்ச பெட்டிக்குள்ளை கடல் போகும்."

வேலை இப்படித்தான். முதலில் மரத் தளம். அதன்மேல் அலுமினியம் பூசிய தடித்த தாளை விரிக்கவேண்டும். அதன்மேல் இயந்திரத்தை இறக்கிப் பூட்டவேண்டும். பிறகு ஈரம் உறிஞ்சும் பைகளை உள்ளே தொங்கவிடவேண்டும். உலோகத்தில் பை முட்டக்கூடாது, முட்டினால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். தாளை மேலே தூக்கி, சூடான இடுக்கியால் விளிம்பை ஒட்டி, ஒரு மூலையை மட்டும் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கவேண்டும். தாள் இயந்திரத்தின்மேல் தோல்போல ஒட்டிக்கொள்ளும். அப்போது அந்த மூலையையும் மூடவேண்டும். கடைசியில் பக்கப் பலகைகள், மூடி, ஆணி. பெட்டி முடிந்தபின் தகட்டு அச்சை வைத்துக் கறுப்பு மையால் குறி போடுவோம். கண்ணாடிக் கிண்ணம், குடை, மேல்நோக்கிய அம்பு. எல்லாவற்றுக்கும் கீழே துறைமுகத்தின் பெயர்.

ஹலீல் வந்து விரல் முட்டியால் பலகையைத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். தட்டின ஓசை பிடிக்கவில்லை என்றால் ஆணி பிடுங்கும் கம்பியை என் கையில் தருவார். பிடித்தால் "ஓலூர்" என்பார். துருக்கியில் அது 'சரி' என்ற அளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது உடைந்த டொச்சு. அதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். நான் அவரை 'அபி' என்று கூப்பிடுவேன். அவர்கள் அண்ணைக்குச் சொல்லும் சொல் அது. என் பெயர் ஸ்கந்தராசா. முதல் நாள் அதைக் கேட்டதும் அவர் துள்ளி எழும்பிவிட்டார்.

"இஸ்கெண்டரா? இது என்ரை ஊர்ப் பேர் எல்லோ!"

"இஸ்கெண்டர் இல்லை அபி, ஸ்கந்தர். எங்கடை சாமி."

"சாமியின்ரை கையிலை என்ன இருக்கு?"

"வேல். ஈட்டி மாதிரி."

"அலெக்சாண்டரின்ரை கையிலையும் ஈட்டிதான். ரெண்டு பேரும் ஒராள்தான், போ."

அவருடைய ஊர் இஸ்கெண்டெருன். அலெக்சாண்டர் பாரசீக மன்னனை அந்தக் கரையில்தான் தோற்கடித்தானாம், அதன்பிறகு எழுந்த ஊராம். இஸ்கெண்டர் என்பது துருக்கி வாயில் அலெக்சாண்டர். பிரெஞ்சுக்காரர் அதை அலெக்சாண்ட்ரெட் என்றார்களாம், சின்ன அலெக்சாண்ட்ரியா என்ற கருத்தில். பெரிய அலெக்சாண்ட்ரியா எகிப்தில் இருக்கிறது. "ஒரே ஆள் போற வழியெல்லாம் தன்ரை பேரைப் போட்டிட்டுப் போட்டான். பிறகு வந்த நாங்கள்தான் குழம்பிறம்" என்று சொல்லுவார். நான் ஒருமுறை, இஸ்கெண்டர் கெபாப் அந்த ஊர்ச் சாப்பாடுதானே என்று கேட்டுவிட்டேன். அது புர்சா நகரத்துச் சாப்பாடு என்று சொல்லிவிட்டு அவர் அரை நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இடைவேளைகளில் தேநீர்க் குவளையைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு கைகளாலும் ஊரைக் கட்டிக் காட்டுவார். இடது கையை நிமிர்த்திப் பிடித்தால் மலை. வலது கையை விரித்து வைத்தால் கடல். "நடுவிலை ஒரு விரல் வை பாப்பம்." வைப்பேன். "அதுதான் ஊர். அவ்வளவுதான் இடம்." கோடையில் கடலில் இருந்து எழும்பும் ஈரம் அந்த மலையைத் தாண்டமாட்டாதாம். மூடி போட்ட புட்டுப் பானைக்குள் இருப்பதுபோல் ஊர் வேகுமாம். உடுப்பு காயாது, சுவர் வியர்க்கும், உப்புக் கட்டியாகும். பிறகு எதிர்பாராத ஒரு நாளில் மலைப் பிளவுக்குள்ளால் காற்றுப் பாய்ந்து வரும். அதற்குப் பெயர் யாரிக்கயா, பிளந்த பாறை. அது வந்தால் கப்பல்கள் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வெளிக்கடலுக்கு ஓடுமாம். ஊருக்கு வெளியே இருக்கும் இரும்பாலையின் புகையைக் கடல் பக்கமாகப் படுக்கவைத்து விடுமாம்.

"ஆனபடியால் எங்கடை ஊருக்குப் போற பெட்டி எண்டால், கணக்கிலை சொன்னதுக்கு மேலை இன்னும் ரெண்டு பை போடு" என்பார். போடுவேன். கடலோர ஊர் எதற்கும் அப்படியே போடப் பழகிவிட்டேன். நான் ஒருநாளும் காணாத ஊர் அது. ஆனால் அதன் ஈரம் என் கைக்குத் தெரிந்திருந்தது.

பெட்டிகள் மாறிப்போன அந்த வருடம் எனக்கு ஒரேயொரு கவலை என்று சொல்லலாம். மற்றக் கவலைகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. மலரும், அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த இதே மகளும் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட நிரந்தர வேலை ஒப்பந்தம் வேண்டும் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். என் தற்காலிக ஒப்பந்தம் இலையுதிர் காலத்தில் முடிகிறது. அடுத்தது நிரந்தரம் என்று பிராண்ட் வாயால் சொல்லியிருந்தார். அதோடு அந்த வருடத்து வேலை ஊக்கத்தொகையும் வரவேண்டும். அதை இரண்டு விமானச் சீட்டுக்கு என்று மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன்.

இனி பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும். மண்டப வாசலில் ஒரு கரும்பலகை. வேலைக்கு ஒரு வரி. முதலில் சரக்கு, அடுத்தது பெட்டி அடிக்கிறவன், கடைசியில் துறைமுகம். ஆள் முதல், ஊர் பிறகு. ஹலீலின் வழக்கம் அது. முழுப் பெயர் எழுத அவருக்குப் பொறுமை இல்லை. என்னை 'இஸ்க்' என்று எழுதுவார். கசகஸ்தானில் இருந்து வந்த ஜெர்மன்காரன் அலெக்சாண்டரை 'அலெக்ஸ்' என்று எழுதுவார். இஸ்கெண்டெருன் துறைமுகமும் 'இஸ்க்' தான். அலெக்சாண்ட்ரியாவும் 'அலெக்ஸ்' தான். ஆள் முதல், ஊர் பிறகு என்பது மாறாதவரையில் ஒரு குழப்பமும் இல்லை.

ஒரு நாள் காலை ஹலீலுக்குப் பல் வைத்தியரிடம் டெர்மின், அதாவது நேரம் குறித்திருந்தது. பலகையை எழுத பிராண்ட் வந்தார். சப்பாத்தில் மரத்தூள் படாமல் நடக்கிறவர். ஒரு கையில் கோப்பி, மற்றக் கையில் அலுவலகத் தாள். அந்தத் தாளில் வரிசை வேறு. சரக்கு, துறைமுகம், ஆள். அவர் பார்த்தபடியே எழுதிவிட்டார்.

மின்பெட்டிகள், இஸ்க், அலெக்ஸ்.
பம்புகள், அலெக்ஸ், இஸ்க்.

மின்பெட்டி என்பது ஆலை இயந்திரங்களை இயக்கும் மின்கருவிகள் பூட்டிய இரும்பு அலுமாரி. அவர் நினைத்தது, மின்பெட்டிகள் இஸ்கெண்டெருனுக்கு, அடிப்பவன் அலெக்ஸ் என்று. எங்கள் வழக்கப்படி நாங்கள் வாசித்தது, மின்பெட்டிகளை அடிப்பவன் இஸ்க் ஆகிய நான், போகும் ஊர் அலெக்சாண்ட்ரியா என்று. பம்புகளும் அதேபோல மாறிவிட்டன.

என் குணம் சும்மா இருக்கவிடுமா? பலகையில் வேறு ஆளின் கையெழுத்தைக் கண்டதும் பிராண்டின் பின்னாலேயே போனேன்.

"ஹெர் பிராண்ட், நான் அலெக்சாண்ட்ரியாவா?"

தாளைப் பார்த்தார். "ஓம், நீங்கள் அலெக்சாண்ட்ரியா."

"அலெக்ஸ் இஸ்கெண்டெருன்?"

"ஓம், ஓம். எழுதியிருக்குதானே. தொடங்குங்கோ."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தாளிலும் நான் அலெக்சாண்ட்ரியாதான், பம்புகளோடு. நான் ஆளைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன். சரக்கைக் கேட்கவில்லை, ஏனென்றால் சரக்கு எப்போதும் வரியின் தலையில் நிற்கிறது, அதில் யாருக்குச் சந்தேகம் வரும்? இத்தனை வருடம் இதை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தது. அந்தச் சரியான பதில்தான் என்னை விழுத்தியது.

மத்தியானம் ஹலீல் திரும்பி வந்தார். ஊசி போட்டதில் வாயின் ஒரு பக்கம் விறைத்துத் தொங்கியது. பலகைக்கு முன்னால் நின்று சிரித்தார்.

"அலெக்ஸ், இஸ்க். இஸ்க், அலெக்ஸ். நாலு அலெக்சாண்டர். ஒருத்தனிட்டையும் குதிரை இல்லை."

வாயோரம் எச்சில் வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு போனார். பின்னேரம் வழக்கம்போல ஈரப் பஞ்சால் பலகையைத் துடைத்தவரும் அவர்தான்.

இரண்டு சரக்கும் ஒரே அளவு பெட்டிகள். லொறிக்காரர் பெட்டியில் இருந்த ஊரைப் பார்த்து ஏற்றினார்கள். பம்புகள் இஸ்கெண்டெருனில் இறங்கின. கிறீஸ் பூசிய இரும்புக்கு என்ன வரப்போகிறது? அப்படியே திருப்பி அனுப்பினார்கள். மின்பெட்டிகள் அலெக்சாண்ட்ரியாவில் சுங்க முற்றத்தில் மாட்டிக்கொண்டன. பத்திரத்தில் பம்பு, பெட்டிக்குள் வேறு. சோதிக்க என்று தாளை வெட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். கோடை முழுவதும் கடல் ஈரம் உள்ளே போனது. என் பைகள் முதல் நாட்களிலேயே குடித்து வீங்கியிருக்கும். வாங்கியவர்கள் அனுப்பிய படத்தில் செப்புக் கம்பிகள் பச்சை பிடித்திருந்தன.

அதன்பிறகுதான் அந்தக் கண்ணாடி அறை.

பிராண்ட் தொடங்கினார். "பலகையிலை ஆள் முதல், ஊர் பிறகு. இது எல்லாருக்கும் தெரியும். நானும் அப்பிடித்தான் எழுதினனான்."

"இல்லை, நீங்கள் மாத்தி எழுதினனீங்கள்" என்றேன். என் டொச்சு அந்த இடத்தில் இன்னும் உடைந்துபோனது. "அலெக்சும் என்னை மாதிரித்தான் வாசிச்சவன். கேளுங்கோ."

அலெக்ஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஞாபகம் இல்லை."

"அலெக்சின்ரை பெட்டிக்குச் சேதம் இல்லை" என்றார் பிராண்ட். "நாங்கள் அதைப் பற்றிக் கதைக்க வரேல்லை."

நான் ஹலீலிடம் திரும்பினேன். "அபி, நீங்கள் மத்தியானம் வந்து பலகையைப் பாத்தனீங்கள். பாத்துச் சிரிச்சனீங்கள்."

ஹலீல் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "அண்டைக்கு எனக்கு வாய் விறைச்சுக் கிடந்தது. எப்பிடிச் சிரிக்கிறது?"

முதலில் கெஸ்லர் அம்மாதான் சிரித்தார். பிறகு அலெக்ஸ். பிறகு பிராண்ட் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். அறையே இலேசாகிவிட்டது. அந்தச் சிரிப்போடு என் பேச்சும் முடிந்துவிட்டது என்று விளங்கியது.

"மைஸ்டர்" என்று பிராண்ட் ஹலீலைக் கேட்டார், என் பெயரைப் பாதியாக்கி. "ஹெர் ராசாவுக்கு இஸ்கெண்டெருன் எப்பிடியான ஊர் எண்டு தெரியுமா?"

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"நான் சொன்னனான். மலை, கடல், காத்து, ஈரம். எல்லாம் தெரியும்."

"அங்கை இரும்பாலை இருக்கெண்டு?"

ஹலீல் இப்போதும் நிலத்தைத்தான் பார்த்தார். "அதுவும் சொன்னனான்."

"அப்ப இரும்பாலைக்கான மின்பெட்டி இஸ்கெண்டெருனுக்குத்தான் போகும் எண்டு இந்த மண்டபத்திலை வேறை எவனையும்விட அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

இரண்டு கைகளால் கட்டிக் காட்டிய ஊர். நான் நடுவில் விரல் வைத்துப் பார்த்த ஊர். ஒவ்வொரு தேநீருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குள் வந்த மலையும் காற்றும் அந்த அறையில் எனக்கு எதிரான சாட்சியாக நின்றன. ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் தப்பியிருப்பேன்.

பிராண்ட் இரண்டு முடிவு சொன்னார். நிரந்தர ஒப்பந்தம் இப்போதைக்கு இல்லை, தற்காலிகத்தை நீட்டலாம். ஊக்கத்தொகை நிறுத்திவைக்கப்படும். இரண்டுக்கும் ஒரே சொல்தான் போட்டார். 'பிஸ் ட்சுர் கிளேறுங்.' விஷயம் தெளிவாகும்வரை.

மலர் தொலைபேசியில் காத்திருந்தாள்.

"இஞ்சருங்கோ, கையெழுத்து வைச்சாச்சோ?"

"இன்னும் இல்லை. ஏதோ தெளிவாக வேணுமாம்."

"ஆருக்குத் தெளிவாக வேணும்?"



அதன்பிறகு அரை வருடத்துக்கு ஒருமுறை நீட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் தாளோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன், ஒவ்வொரு முறையும் இது போதாது என்றார்கள். பிராண்ட் வேறு இடத்துக்கு மாறிப் போனபின், எதுவும் அறியாத ஒரு புது மேலாளர் வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் நிரந்தரத்தில் கையெழுத்து வைத்தார். அதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது. எங்கள் ஆட்கள் மாதாமாதம் கட்டும் சீட்டில் காசு எடுத்துத்தான் அவர்களைக் கூப்பிட்டேன். டுசெல்டோர்ஃப் விமான நிலையத்தில் பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தாயிடம் சொன்னாள்: "இவர் இல்லை அம்மா. அப்பா போனுக்குள்ளை எல்லோ இருக்கிறவர்." கூடி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கண்ணாடி அறை நினைவுக்கு வந்தது.

ஹலீல் அதற்கு முன்பே ஓய்வு எடுத்துவிட்டார். கடைசி நாளில் எல்லாருக்கும் பக்லவா கொண்டுவந்தார். என்னிடம் வரும்போது தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு ஒரு வருசம்தான் மிச்சம் கிடந்தது, இஸ்கெண்டர். பிராண்டை எதிர்த்தால் அதுவும் போயிருக்கும். உனக்கு முழு வாழ்க்கையும் இருக்கு."

"அபி, என்ரை பேர் ஸ்கந்தராசா" என்றேன்.

அதற்குமேல் நாங்கள் பேசவில்லை. அவர் ஊருக்குப் போய்க் கடலுக்குக் கிட்ட வீடு கட்டினார் என்று கேள்விப்பட்டேன். நான் அதே மண்டபத்தில் ஓய்வு பெறும்வரை பெட்டி அடித்தேன். புதிதாக வந்தவர்கள் எத்தனை முறை பலகையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாலும், சரக்கைச் சொல்லு, ஆளைச் சொல்லு, ஊரைச் சொல்லு என்று மூன்றையும் சொல்ல வைத்தேன். என்னைக் கிழட்டுப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். சொல்லட்டும்.

பிறகு, நான் ஓய்வு பெற்றபின், ஹலீலின் ஊர்ப் பக்கத்தில் நிலநடுக்கம் வந்தது. தொலைக்காட்சியில் இஸ்கெண்டெருன் என்று எழுத்து ஓடியது. துறைமுகத்தில் கொள்கலன்கள் எரிந்தன, புகை மலைவரைக்கும் போனது. கடல் வீதிக்குள் வந்து நின்றது. ஹலீலின் இரண்டு கைகளுக்கு நடுவில் இருந்த அந்த விரலளவு இடத்தை நான் அன்றுதான் முதல்முதல் கண்ணால் கண்டேன். அவர் சொன்னது அத்தனையும் சரியாகவே இருந்தது. மலை அவ்வளவு கிட்டத்தான் நிற்கிறது.

அலெக்ஸ் எனக்குத் தொலைபேசி எடுத்தான். ஓய்வுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"இஸ்க், பாத்தியா? ஹலீலின்ரை வீடு கடலிலை இருந்து ரெண்டாம் தெருவாம். மகனுக்கு அடிச்சுப் பாத்தன், ஒருத்தரும் எடுக்கிறாங்களில்லை."

"பாத்தன்."

"கவலையா இல்லையா?"

கவலைதான். கவலைப்படுவதை நான் யாரிடமும் படிக்கவில்லை, அது தானாக வரும். அன்று முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். ஆனால் ஒரு தெருவைக் காட்டும்போதெல்லாம் அந்த மனிதரின் முகத்தைத் தேடினேனா, அல்லது அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்வியைத் தேடினேனா என்று எனக்கே தெரியவில்லை.

அலெக்ஸ் உடனே வைக்கவில்லை.

"பலகை எனக்கு ஞாபகம் இருந்தது, இஸ்க். அண்டைக்கே இருந்தது."

"எகால்" என்றேன். வைத்துவிட்டேன்.

ஹலீலைப் பற்றிய செய்தி இன்றுவரை எனக்கு வரவில்லை. பிராண்ட் எங்கே என்று தெரியாது. மண்டபத்தை விற்று, இப்போது அதற்குள் உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. கரும்பலகை நின்ற இடத்தில் ஒரு கண்ணாடி. ஜெர்மனி தன் காசின் பெயரையும் யூரோ என்று மாற்றிவிட்டது. இத்தனை மாறியும் அந்த விஷயம் மட்டும் தெளிவாகவில்லை. தெளிவாகும்வரை நிறுத்திவைத்த எனது ஊக்கத்தொகை, இன்னும் எனக்கு வரவேண்டியது: அறுநூற்று நாற்பது மார்க்.